யாரு ஓட்டினது?

பள்ளி வேனில் வரும் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஆமை அக்கா. ஒரு வேகத்தடையை அவள் ஏறி இறங்குவதற்குள் பின்சீட்டில் இருப்பவர்கள், "அக்கா, நம்மள ஒரு தாத்தா நடந்தே ஓவர்டேக் பண்ணிட்டாரு!" என்று கத்துவார்கள். அந்தப் பெயர் டிப்போ வரைக்கும் போய், மெக்கானிக்கும் சூப்பர்வைசரும்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கு அதில் வருத்தமே இல்லை.

"ஆமைன்னா ஆமைதான். என் வண்டியில எந்தப் பிள்ளையாவது பல்லை உடைச்சுக்கிட்டு இறங்கியிருக்கா, சொல்லுங்க" என்பாள்.

யாராலும் சொல்ல முடியாது. ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளையின் நெற்றி கண்ணாடியில் இடிக்கக் கூடாது என்பதற்காகவே பள்ளம் வந்தால் கியரை இறக்குகிறவள் அவள். இறங்கிய பிள்ளை வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை வண்டியை நகர்த்த மாட்டாள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். தாய்மார்கள் வேன் கம்பெனிக்குப் போன் போட்டு, "அந்த மெதுவா ஓட்டற அம்மா வண்டியிலயே எங்க பொண்ணைப் போடுங்க" என்று கேட்டு வாங்குவார்கள். பிறந்த வீட்டிலும் சரி, வாழ வந்த வீட்டிலும் சரி, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத அவளுக்கு, தலைநிமிர்ந்து உட்கார ஓர் இடம் கிடைத்தது அந்த ஸ்டீயரிங்குக்குப் பின்னால்தான்.

அவள் கணவர் டைல்ஸ் கடையில் பில் போடுகிறவர். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. ஆனால் எதிலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. குளித்துவிட்டு ஆள் வெளியே வருவதற்குள் குளியலறை விளக்கை அணைத்துவிடுவார். உள்ளே இருப்பவர் இருட்டில் துண்டைத் தேட வேண்டியதுதான். கரண்ட் பில்லிலிருந்து கார் இன்சூரன்ஸ் வரை வீட்டின் காகித வேலையெல்லாம் அவர் பொறுப்பு. "உனக்கு இதெல்லாம் புரியாது, விடு" என்பார். அவளும் விட்டுவிட்டாள். தலைக்கு மேல் இருக்கும் வேலையில் அது ஒன்றாவது குறைந்ததே என்று நினைத்தாள்.

அவர்களுக்கு ஒரே மகள். காலேஜுக்குப் போகும் வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். மார்க் வாங்குவதில் கெட்டிக்காரி. கேட்ட படிப்பு உள்ளூரில் கிடைக்காமல் பக்கத்து மாநிலத்தில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வந்த வாரமே கணவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டைக் கடைக்கு வரச் சொன்னார். அவர்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. பின்கதவுக் கண்ணாடி ஒன்று மேலே ஏறாமல் பாதியில் நின்றுபோன சாம்பல் நிறக் கார். யார் யார் ஓட்டலாம் என்று பெயர் எழுதிக் கொடுக்கும் பாலிசி அதற்கு; மகள் லைசென்ஸ் எடுத்ததும் அதில் அவள் பெயரையும் சேர்க்க வேண்டியிருந்தது. சின்ன வயதுக்காரர் ஓட்டும் வண்டி என்று பிரீமியம் மளமளவென்று ஏறிப்போனது. அந்த ஏற்றம் அவர் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"பொண்ணு காரை அங்க எடுத்துட்டுப் போயிருக்காளா சார்?" என்று ஏஜென்ட் கேட்டான்.

"இல்ல தம்பி, ஹாஸ்டல். கார் இங்கதான் நிக்குது."

"அப்ப அவ பேரை எடுத்துடலாம், தொகை நல்லாவே குறையும். ஆனா ஒண்ணு. லீவுக்கு வந்தா அவ இந்தக் காரைத் தொடக் கூடாது. ஓட்டித்தான் ஆகணும்னா முன்னாடியே எனக்கு ஒரு போன் அடிங்க, சேர்த்துடறேன். மறந்துடாதீங்க சார், பேர் இல்லாத ஆள் ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி கையை விரிச்சுடும்."

"சரி தம்பி" என்றார். கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கடையில் உடைந்து வந்த டைல்ஸ் பெட்டியைப் பற்றி விலாவாரியாகச் சொன்னார். பாலிசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல. அவளிடம் சொல்லும் அளவுக்கு அது ஒரு விஷயமாக அவருக்குத் தோன்றவில்லை.

முதல் லீவுக்கு மகள் வந்தாள். அவள் மூக்குக் கண்ணாடியின் காதுக்கம்பி உடைந்திருந்தது. பசை போட்டு ஒட்டி வைத்திருந்தாள். மதிய டிரிப் முடித்து வந்த அம்மா, "வா, கடைவீதிக்குப் போய் மாத்திட்டு வந்துடலாம்" என்று சாவியை எடுத்தாள்.

"நான் ஓட்டறேம்மா. தொட்டே ரொம்ப நாளாச்சு. கை மறந்துடும்."

கொடுத்தாள். காலையிலிருந்து ஸ்டீயரிங் பிடித்த தோள் வலிக்கத்தான் செய்தது. மகள் ஓட்ட, தான் பக்கத்தில் உட்கார்ந்து வருவது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

மதிய நேரம். பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கியிருந்தன. மருந்துக்கடை முக்கில் திரும்பும்போது மகள் எதிரே வந்த லாரியைப் பார்த்தாளே தவிர, லாரிக்குப் பின்னாலிருந்து தெருவைக் கடந்துகொண்டிருந்த ஆளைப் பார்க்கவில்லை. "பாப்பா!" என்று அம்மா கத்தியதும், கார் எதன்மேலோ மோதியதும் ஒன்றாக நடந்தன. பூட்டு ரிப்பேர் செய்கிற ஆள் அவர். மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடையில் சாவி போட்டுக் கொடுப்பார். அவர் கையிலிருந்த டப்பா திறந்துகொண்டு தெரு முழுக்கச் சாவிகள் சிதறிக் கிடந்தன. ஒரு கால், கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

அம்மாதான் இறங்கி ஓடினாள். அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் சத்தம் கேட்டு வெளியே வந்து ஆம்புலன்சைக் கூப்பிட்டார். மகள் எப்போது இறங்கினாளோ, காரைச் சுற்றி வந்து அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். அவர்களில் யாரும் மோதியதைப் பார்க்கவில்லை.

மடியில் தலையை வைத்தபடியே அவள் கணவருக்குப் போன் செய்தாள்.

"யாரு ஓட்டினது?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"பாப்பா. அவளுக்கு ஒண்ணும் ஆகலைங்க, பயப்படாதீங்க."

அவர் குரலைத் தாழ்த்தி, "அவ பேரு பாலிசில இல்ல" என்றார்.

"இல்லன்னா?"

"எடுத்துட்டேன். அவதான் ஊர்லயே இல்லயே. இப்ப அதைப் பேச நேரமில்ல, நான் சொல்றதைக் கேளு. நீ ஓட்டினேன்னு சொல்லு. உன் பேரு இருக்கு."

"என்னங்க சொல்றீங்க? அந்த மனுஷன் இங்க என் மடியில..."

"அவருக்குக் காசு வேணுமா வேணாமா? அவ ஓட்டினான்னா கம்பெனி ஒரு பைசா தராது. ஆஸ்பத்திரிச் செலவு மொத்தமும் நம்ம தலையில விடியும். கேஸ் அவமேல போகும். காலேஜை மறந்துட வேண்டியதுதான். நீ பழுத்த டிரைவர், உன்னை யாரு என்ன சொல்லப் போறா? சொல்லிடு. வெச்சிடறேன்."

போலீஸ்காரர் வந்து, "வண்டியை ஓட்டினது யாரும்மா?" என்று கேட்டபோது மகள்தான் வாயைத் திறந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"நான்தாங்க" என்றாள்.

அவள் செய்த வேலைகளிலேயே மிகச் சுருக்கமாக முடிந்த வேலை அதுதான்.

இன்சூரன்ஸ் கம்பெனி சண்டை போடாமல் பணம் கொடுத்தது. பூட்டுக்காரருக்குக் காலில் கம்பி வைத்தார்கள். கணவர், "பாத்தியா, எல்லாம் சுமுகமா முடிஞ்சுது" என்றார். மகள் காலேஜுக்குத் திரும்பினாள்.

அவளுக்குத்தான் அது முடியவில்லை. விபத்து நடந்த அடுத்த வாரமே சூப்பர்வைசர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிற ஆளில்லை.

"ஆமை அக்கா, உங்களை எனக்குத் தெரியாதா? ஆனா ஸ்கூல்காரங்களோட நம்ம ஒப்பந்தத்துலயே இருக்கு. ஆளை இடிச்ச டிரைவர் பிள்ளைங்க வண்டியில ஏறக் கூடாது. சில வருஷம் போகட்டும். அதுவரைக்கும் டிப்போவுலயே இருங்க. வண்டி கழுவணும், சீட் பெல்ட் பாக்கணும். வேலை இல்லாம விடமாட்டேன்."

"என் தப்பு இல்ல சார்" என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினாள்.

மறுநாளிலிருந்து அவள் ஓட்டிய வேனை ஒரு சின்னப் பையன் ஓட்டினான். அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு அதன் சக்கரத்தைக் கழுவினாள். முன்பு கேட்டு வாங்கிய தாய்மார்களில் ஒருத்தி டிப்போ பக்கம் வந்தபோது, இவள் காதில் விழும் என்று தெரியாமல், "நல்லவேளை, நம்ம பிள்ளைங்க உள்ள இருக்கும்போது நடக்கல" என்று இன்னொருத்தியிடம் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனால், பூட்டுக்காரரின் மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"ஸ்கூல் வண்டி ஓட்டறவளாமே நீ? கண்ணை எங்க வெச்சுக்கிட்டு ஓட்டின? எங்க வீட்டு வருமானமே அந்த ஆளுதான், தெரியுமா? பழத்தை நீயே தின்னு."

அவள் பழத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வீட்டில் கணவர் அதைச் சாப்பிட்டார்.

ஒரு தடவை, ஒரே தடவைதான், அவரிடம் கேட்டாள். "பேரை எடுத்ததை எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்தத் தம்பிக்கு ஒரு போன் பண்ணியிருந்தா..."

"நீ என்னைக் கேட்டுட்டா சாவியைக் கொடுத்த?" என்றார் அவர். கேட்டவள்தான் குற்றவாளி மாதிரி ஆகிப்போனாள்.

மகள் முதலில் தினமும் போனில் அழுதாள். "நான் சொல்லிடறேம்மா. என்னால சாப்பிட முடியல, தூங்க முடியல" என்பாள். "பேசாம படிப்பைப் பாரு. நடந்தது நடந்துபோச்சு" என்று இவள்தான் தேற்றினாள். பிறகு அழுகை வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைந்தது. பிறகு பரீட்சையைப் பற்றிய பேச்சாக மாறியது. பிள்ளை தேறிவிட்டாளே என்று அம்மாவுக்கு நிம்மதியாகவும் இருந்தது; நெஞ்சில் எங்கோ சுருக்கென்றும் இருந்தது.

அடுத்த லீவில் ஒரு நாள் நாத்தனார் வந்திருந்தாள். எல்லோரும் காரில் கிளம்பும்போது, "அண்ணா, நீயே ஓட்டு. அண்ணி கையில கொடுத்தா வழியில நாலு பேரைப் படுக்க வெச்சுடுவாங்க" என்றாள் நாத்தனார். கணவர் சிரித்தார். அது ஒன்றும் புதிதல்ல. மகளும் சிரித்தாள். சட்டென்று வாயை மூடிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். ஆனால் சிரித்தது சிரித்ததுதான்.

அதற்கும் அடுத்த லீவில் இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மகளே அந்தப் பேச்சை எடுத்தாள். "அம்மா, அன்னைக்கு நீதானே 'திரும்பு, திரும்பு'ன்னு அவசரப்படுத்தினே? இல்லன்னா நான் லாரி போகட்டும்னுதான் நின்னிருப்பேன்."

அம்மா கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டாள். "நானா? நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

"நீ சொன்னேம்மா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

ஆமை என்று பெயர் வாங்கியவள், சிவப்பு விளக்கு பச்சையான பிறகும் ஒரு மூச்சு விட்டுவிட்டுக் கிளம்புகிறவள், திரும்பு திரும்பு என்று அவசரப்படுத்தினாளாம். மகள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அதில் பொய் இல்லை. அந்தப் பெண் அதை மெய்யாகவே நம்பத் தொடங்கியிருந்தாள். பொய்யாக இருந்திருந்தால் ஓர் அறை விட்டிருக்கலாம்.

கடைசி வருடத்தில் மகள் ஹாஸ்டலை விட்டுத் தோழியோடு தனி வீடு எடுத்தாள். பயிற்சிக்குப் போகும் இடம் தூரம், பஸ் கிடையாது. சாம்பல் நிறக் காரை அவளுக்கே கொடுத்துவிடலாம் என்று அப்பா தீர்மானித்தார். இந்த முறை அவர் எல்லாவற்றையும் விதிப்படி செய்தார். ஏஜென்ட்டை வீட்டுக்கே வரவழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார்.

"கார் எந்த ஊர்ல நிக்குதோ அந்த ஊர் அட்ரஸ்தான் பாலிசில இருக்கணும் சார். மாநிலம் மாறினா விதியும் மாறுது. பொண்ணு பேரு முதல்ல வரணும். படிக்கற பொண்ணு, நல்ல மார்க்கு, அவ மேல ஒரு விபத்துகூட இல்ல. தள்ளுபடி கிடைக்கும்" என்றான் ஏஜென்ட். பிறகு கொஞ்சம் தயங்கினான். "அம்மா பேரு இருந்தாத்தான் ஏறுது. அவங்க மேல ஒரு கேஸ் இருக்கு பாருங்க."

"எடுத்துடு" என்றார் கணவர்.

சமையலறையில் அவள் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவளுக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. டீயைக் கொண்டுவந்து இருவருக்கும் வைத்தாள்.

அந்த வருடம் அவள் மகளைப் பார்க்கப் போனாள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவளை மகளும் தோழியும் காலையில் காரில் வந்து அழைத்துக்கொண்டார்கள். மகளுக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல் அடித்தது, கண் சொருகியது.

"நகரு பாப்பா, நான் ஓட்டறேன்" என்றாள் அம்மா.

"வேணாம்மா. உன் பேரு இதுல இல்ல. ஏதாவது ஆச்சுன்னா நான்தான் மாட்டுவேன்."

"ஆன்ட்டிக்கு ஓட்டத் தெரியுமா?" என்று தோழி ஆவலோடு கேட்டாள்.

"ஓட்டிக்கிட்டிருந்தாங்க. அப்புறம் ஒரு ஆளை இடிச்சுட்டாங்க. அதோட விட்டாச்சு" என்றாள் மகள், இருமிக்கொண்டே.

பின்சீட்டில், பாதியில் நின்றுபோன கண்ணாடிப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். காற்று முகத்தில் அடித்தது. தோழி திரும்பி, பரிதாபமாக அவளைப் பார்த்துப் புன்னகை செய்தாள். அவளும் பதிலுக்குச் செய்தாள்.

தோழி இல்லாத நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "வெளியாள் முன்னாடி அப்படிச் சொல்லணுமா?"

"பின்ன எப்படிச் சொல்றது? எல்லாருக்கும் அப்படித்தானேம்மா தெரியும்." மகள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிப் படுத்தாள். படுத்தபடியே, "எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு? நீயும் அப்பாவும் பண்ணின முடிவு. என்னைக் கேட்டா பண்ணினீங்க?" என்றாள்.

காய்ச்சல்காரியோடு என்ன வாதாடுவது? துணியை நனைத்து நெற்றியில் போட்டாள்.

ஊர் திரும்பிய பிறகு அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. உலகத்தில் ஒரே ஒருவருக்காவது நடந்தது தெரிய வேண்டும். யாரிடம் சொல்வது என்று யோசித்தால் நினைவுக்கு வந்தவர் பூட்டுக்காரர்தான். சொல்லக் கடமைப்பட்டிருப்பதும் அவரிடம்தானே என்று சமாதானம் செய்துகொண்டாள்.

அவர் மறுபடி பெட்டிக்கடைக்கு வந்துகொண்டிருந்தார். காலை நீட்டி ஸ்டூலில் வைத்துக்கொண்டு சாவி அராவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் கடுத்தது.

"என்ன வேணும்?"

அவள் நின்றபடியே சொன்னாள். மகள் ஓட்டியது, பாலிசியில் பெயர் இல்லாதது, போனில் கணவர் சொன்னது, எல்லாவற்றையும். சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கிற்று.

அவர் அரத்தைக் கீழே வைத்தார். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "இதை வேற யார்கிட்ட சொல்லியிருக்கீங்க?"

"யார்கிட்டயும் இல்ல."

"சொல்லிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். பொய்க் கேஸுன்னு தெரிஞ்சா கம்பெனிக்காரன் கொடுத்ததைத் திருப்பிக் கேப்பான். அந்தக் காசு எப்பவோ போயாச்சு. இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"உங்களுக்காவது தெரியணும்னுதான்..."

"எனக்கு எதுக்குத் தெரியணும்?" அவர் குரல் உடைந்தது; கோபத்தினாலா வேறெதனாலா என்று அவளுக்குப் புரியவில்லை. "தினம் காலையில எந்திரிச்சு இந்தக் காலை ஊணும்போது வாய் நிறைய உங்களைத் திட்டுவேன். அந்த வலிக்கு அது ஒண்ணுதான் மருந்து. இப்ப அதையும் கெடுத்துட்டீங்களே. அந்தச் சின்னப் பொண்ணையா நான் திட்ட முடியும்? போங்கம்மா. நீங்கதான் இடிச்சீங்க. அப்படியே இருக்கட்டும்."

அவர் அரத்தை எடுத்துச் சாவியை மறுபடி அராவ ஆரம்பித்தார். அவள் வந்த வழியே திரும்பினாள்.

மகள் படிப்பை முடித்து அங்கேயே வேலையில் சேர்ந்தாள். கை நிறையச் சம்பளம். மாதாமாதம் அப்பா கணக்குக்குப் பணம் அனுப்புகிறாள். போனில் அம்மாவிடமும் பேசுகிறாள். சாப்பிட்டியா, மருந்து போட்டியா என்று அக்கறையாகத்தான் கேட்கிறாள். குறை சொல்ல எதுவும் இல்லை.

சூப்பர்வைசர் சொன்ன 'சில வருஷம்' ஒருவழியாக முடிந்தது. ஆனால் அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். வேன்களையும் டிப்போவையும் வேறொரு கம்பெனி வாங்கிவிட்டது; வண்டி கழுவும் வேலை மட்டும் அவளிடமே இருந்தது. டிரைவர் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, அதே அறைக்குள் போனாள். மேஜைக்குப் பின்னால் இருந்த மேனேஜர் அவள் மகளைவிட நாலைந்து வயது பெரியவராக இருக்கலாம். மரியாதையாகத்தான் பேசினார்.

"எங்க கம்பெனியில ஒரு கேள்விம்மா. எத்தனை வருஷத்துக்கு முன்னாடியா இருந்தாலும் சரி, எப்பவாவது யாரையாவது இடிச்சிருக்கீங்களா?"

சொல்லாமல் விடலாமா என்று அவள் நினைக்கவில்லை. தேடினால் கிடைத்துவிடும், அது அவள் பெயரில்தான் இருக்கிறது.

"ஆமா சார். மருந்துக்கடை முக்குல ஒருத்தரை இடிச்சுட்டேன். லாரிக்குப் பின்னாடி வந்தாரு, கவனிக்கல" என்றாள்.

சொல்லும்போது நாக்குத் தடுமாறவில்லை. லாரியை, திருப்பத்தை, பிரேக்கைத் தேடிய காலை, எல்லாவற்றையும் தானே அனுபவித்ததுபோல அவளால் சொல்ல முடிந்தது. அதைக் கேட்டு அவளே கொஞ்சம் திடுக்கிட்டாள்.

"பரவாயில்லம்மா, உண்மையைச் சொன்னீங்களே. சொல்லி அனுப்பறோம்" என்றார் மேனேஜர்.

சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். வெளியே வந்தாள். மதிய டிரிப் முடித்த வேன்கள் வரிசையாக வந்து நின்றுகொண்டிருந்தன. ஒன்றில் ஏதோ ஒரு பிள்ளை பின்சீட்டில் வாந்தி எடுத்து வைத்திருந்தது. டிரைவர் பையன் வேகமாக ஓட்டியிருப்பான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளியை எடுக்கப் போனாள்.